களத்தில் ஏறிய டிராக்டர்

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் குப்புசாமியைப் போல வாய்த்துடுக்கான மனிதர் வேறு யாரும் இல்லை. அந்த வாயால்தான் பெற்ற மகனையே ஊரைவிட்டு விரட்டினார். "எண்ணெய் பாக்காம இஞ்சின எரிச்ச பய" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பூருக்குப் போன பிரேம், நாலு மாதம் கழித்து லாரியில் அடிபட்டுப் பிணமாகத்தான் மலையேறி வந்தான். அது ஆகிறது இரண்டு வருஷம். குப்புசாமியின் அப்பா ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கிய அந்த அறுபது வருஷத்து டிராக்டரும் அன்றிலிருந்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது.

இப்போது சேந்தமங்கலத்திலிருந்து அபுதாஹிர் மெக்கானிக்கை வரவழைத்தது அவர் மனைவி அத்தாயி. "இரும்புக்குப் போடறதுன்னா போடுங்க. அதுக்கு முன்னால எம்மவந்தான் கெடுத்தானான்னு வெவரம் தெரிஞ்சவரு ஒருத்தரு பாத்துச் சொல்லட்டுமுங்க" என்றாள். குப்புசாமி மறுக்கவில்லை. மகன்தான் கெடுத்தான் என்று மெக்கானிக் வாயால் கேட்டுவிட்டால் ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. பெற்றவனுக்கு வரக்கூடாத ஆசைதான், ஆனால் வந்தது.

அபுதாஹிர் புது பாட்டரியைப் பூட்டி, பழைய டீசலை வடித்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டார். எண்ணெய் பிரஷர் காட்டும் முள் நாற்பதுக்கு ஏறியது. ஐந்தே நிமிஷத்தில் பத்துக்குக் கீழே சரிந்தது. உடனே அணைத்தார்.

"மீட்டர் பொய் சொல்லுதோ என்னமோ" என்று தன் மீட்டரை மாட்டி மறுபடி ஓடவிட்டார். அதுவும் பத்துதான் காட்டியது. ஸ்க்ரூ டிரைவரை இஞ்சின் மேல் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். "உள்ள தட்டற சத்தமே இல்லீங்களே. பேரிங் தேஞ்சிருந்தா இந்நேரம் கத்தியிருக்கும்." இஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. முகர்ந்தார், டீசல் கலந்த வாடையும் இல்லை. மனிதருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது அவர் கழற்றி வைத்த நட்டு ஒன்று தானாக உருண்டு வாசல் ஓரத்துக்குப் போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கண்ணா, எண்ணெய் எப்பவும் இங்கயே நிறுத்தித்தான் பாப்பீங்களா?"

"முப்பது வருசமா இங்கதான் பாய்."

"வாசல் முன்னால சரியுதுங்க. எண்ணெயெல்லாம் முன்பக்கம் வந்து நிக்குது. கம்பி முன்னால, உறிஞ்சற குழாய் பின்னால. கம்பி நெறைஞ்சிருக்குன்னு காட்டும், குழாய் காத்தத்தான் உறிஞ்சும். சரிவில்லாத எடத்துல நிறுத்திப் பாக்கோணுமுங்க. அப்பிடி எடம் எங்க இருக்கு?"

குப்புசாமியின் கண் களத்துப் பக்கம் போனது. அந்த ஊரில் சரிவில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், ராகி அடிக்கிற களம். சாணி மெழுகிய களத்தில் செருப்புக்கால்கூடப் படக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அப்படிப்பட்ட களத்தில்தான் பிரேம், ஊரைவிட்டுப் போகுமுன் ஒருநாள், டிராக்டரை ஏற்றினான். "அப்பா, இங்க வெச்சு எண்ணெய் பாக்கோணும்" என்றவனைக் கம்பியை உருவக்கூட விடாமல் கன்னத்தில் அறைந்து இறக்கினார் இவர். மறுநாள் மரவள்ளிக் கிழங்குப் பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது முள் விழுந்தது. பையன் நடுவழியில் இஞ்சினை அணைத்துவிட்டு, இனி ஓட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். வேறு வண்டி கிடைப்பதற்குள் கிழங்கெல்லாம் கறுத்து வீணாய்ப் போனது. அந்த ஆத்திரத்தில் வந்ததுதான் நாலு பேர் முன்னால் சொன்ன அந்தப் பேச்சு.

"களத்துல ஏத்துங்க. நான் மறுக்கா மெழுகிக்கறேன்" என்றாள் அத்தாயி. குப்புசாமி ஒதுங்கி வழிவிட்டார்.

களத்தில் ஏற்றி நிறுத்தி, எண்ணெய் இறங்கி அமையும்வரை காத்திருந்து அபுதாஹிர் கம்பியை உருவினார். நுனி மட்டும் நனைந்திருந்தது. மூன்று லிட்டர் குறைச்சல். ஊற்றி ஓடவிட்டார். முள் நாற்பதுக்கு ஏறியது, அரைமணி நேரம் ஆகியும் இறங்கவில்லை.

"கடைசியா ஓட்டுனது உங்க பையனுங்களா?" என்றார் அத்தாயியிடம். "முள் விழுந்ததும் அணைச்சிருக்காரு. இன்னுங் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இஞ்சின் சுத்தாம இறுகிப் பிடிச்சிருக்குமுங்க. அவருதான் இதக் காப்பாத்தியிருக்காரு. இப்ப எங்கீங்க இருக்காரு?"

அபுதாஹிருக்கு அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துபோயிற்று. டிராக்டரைக் களத்திலிருந்து இறக்கி நிறுத்திவிட்டு, ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அத்தாயி சாணியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். சக்கரத் தடத்தின் மேல் குனிந்து மெழுக ஆரம்பித்தாள். குப்புசாமி பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"தப்பு எம்மேலதான், அத்தாயி. அவன அடிச்சிருக்கக் கூடாது."

அவள் நிமிரவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? அடி வாங்குனவன் நானில்லீங்களே."

குப்புசாமி களத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் அவரைச் சுற்றி மெழுகிக்கொண்டே போனாள்.