சாவியைக் கொடுத்தவன்

காலை ஆறு மணிக்கெல்லாம் ஆசிட் தொட்டிகளிலிருந்து புகை கிளம்பிவிடும். பித்தளைக் குழாய்த் தலைகளைச் செம்புக் கம்பியில் ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். கோர்த்ததைச் சட்டத்தில் மாட்டி, இரண்டு கைகளாலும் தூக்கித் தொட்டிக்குள் இறக்க வேண்டும். இருபது வரை எண்ணித் தூக்க வேண்டும். தண்ணீரில் அலசி அடுத்த தொட்டி. மறுபடி தூக்கி அதற்கடுத்த தொட்டி. கையுறைகள் கிழிந்து மாதக்கணக்காகிவிட்டது. விரல் நுனிகளில் தோல் உரிந்து, உரிந்த இடம் மறுபடி வெந்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டால் உயிர் போகும்.

பெங்களூர் பீன்யாவில் உள்ள அந்த முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறையில் ஸ்வர்ணாவுக்குப் பதினோரு வருடச் சர்வீஸ். ஆசிட் வாடை அவளுக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குப் போய் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அது போய்விடும். பழகாதது, போகாதது, வேன் நாற்றம்தான்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி வேன் அது. வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் முதலாளி எட்டு மணி ஷிப்டை ஆறு மணிக்கு மாற்றினார். இரண்டு டிரைவர்களில் ஒருவரை நிறுத்தினார். மிச்சமிருந்த கோவிந்தப்பாதான் இரவு ஷிப்ட் ஆட்களை வீட்டில் இறக்கிவிட்டு, வேனின் பின் சீட்டிலேயே படுத்து, விடிவதற்குள் எழுந்து பெண்களை ஏற்ற வருவார். தூங்குவதற்கு ஒரு பாக்கெட். எழுந்திருப்பதற்கு ஒரு பாக்கெட். கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடிக்கும். நேற்றைய சாராயம், இன்றைய சாராயம், வெங்காயம், வியர்வை. எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய மல்லிகை சென்ட். ஒருநாள் வேன் தரையில் வாந்தி காய்ந்து கிடந்தது. அதன்மேல் யாரோ பழைய செய்தித்தாளைப் போட்டிருந்தார்கள். பெண்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன லாவண்யாதான் முதலில் சூப்பர்வைசர் டிரேவரிடம் சொன்னாள்.

"சார், டிரைவர் குடிச்சிட்டு ஓட்டறாரு. வேன்ல உக்கார முடியல."

டிரேவர் சிரித்தான். "நாள் பூரா ஆசிட்ல நிக்கறீங்க. உங்களுக்கு வாடை வேற தெரியுதா? போம்மா. போன வருஷம் போலீஸ் புடிச்சு லைசென்ச சஸ்பெண்ட் பண்ணப்பகூட சார் அவன விடல. அவ்ளோ விசுவாசமான ஆளு."

லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் ஏறினார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஸ்வர்ணாவும் ஏறினாள். ஒருநாள் வரவில்லையென்றால் மூன்று நாள் வேலை இல்லை என்று டிரேவர் சொல்லி வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில், கொரகுண்டேபாள்யா மேம்பாலத்தடியில் அது நடந்தது. பிரேக் சத்தமே இல்லை. வேன் இடதுபக்கமாக நழுவிக்கொண்டே போனதை ஸ்வர்ணா பார்த்தாள். "யோவ்!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த கணம் தூண். கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. டிபன் பாக்ஸ்கள் திறந்து, சாம்பாரும் இரத்தமும் ஒன்றாகத் தரையில் ஓடின.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஆஞ்சலா. ஐம்பது வயது, பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று எப்போதும் முன்னால்தான் உட்காருவார். நசுங்கிய தகரத்துக்குள் அவருடைய வலது கால் மாட்டியிருந்தது. கோவிந்தப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "தப்பாயித்து... தப்பாயித்து..." என்று கன்னடத்தில் உளறிக்கொண்டிருந்தார். கடைவாயில் எச்சில் ஒழுகியது. ஸ்வர்ணா எட்டி இன்ஜினை அணைத்து, சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் செருகினாள். ரோட்டில் போன இரண்டு பேர் ஓடிவந்து ஆஞ்சலாவின் தோளைப் பிடித்து இழுக்கப் போனார்கள்.

"இழுக்காதீங்கண்ணா, கால் மாட்டியிருக்கு! ஆம்புலன்ஸ் வரட்டும். அக்கா, அசையாத, நான் இங்கதான் இருக்கேன். லாவண்யா, நூத்தி எட்டுக்குப் பண்ணு. அப்புறம் நூத்திப் பன்னண்டு, போலீசுக்கு."

லாவண்யாவின் புருவத்திலிருந்து இரத்தம் வழிந்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே போன் பண்ணினாள்.

யார் சொன்னார்களோ, ஆம்புலன்சுக்கு முன்னால் டிரேவர் வந்துவிட்டான். பைக்கின் பின்னால் முதலாளியின் கார் டிரைவர் கிஷோர். டிரேவர் ஆஞ்சலாவின் பக்கம் போகவேயில்லை. நேராகக் கோவிந்தப்பாவின் சட்டையைப் பிடித்து இறக்கி, ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"இவன் ரூமுக்குப் போய் தூங்கட்டும். சாயங்காலம் பாத்துக்கலாம். கிஷோர், நீ போய் ஸ்டியரிங் பக்கத்துல நில்லு. யார் கேட்டாலும் நீதான் ஓட்டின."

ஸ்வர்ணா கோவிந்தப்பாவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். தகரத்துக்குள் ஒரு பெண் முனகிக்கொண்டிருக்கிறாள். இவன் ஆள் மாற்றுகிறான்.

"அவரு எங்கயும் போக மாட்டாரு சார்," என்றாள். "போலீஸ் வந்து ஊதிக் காட்டச் சொல்லட்டும்."

"சும்னே இரும்மா. குடிச்சிருந்தான்னு ஆனா இன்சூரன்ஸ்காரன் கம்பெனி கழுத்தப் புடிப்பான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே டிரேவர் குனிந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். தொண்ணூறு மில்லி அட்டைப் பாக்கெட்டுகள். ஸ்வர்ணா செருப்புக் காலால் அவற்றை அழுத்தி மிதித்தாள்.

"கைய எடுங்க. லாவண்யா, வீடியோ எடு. பாக்கெட்ட எடு, தூண எடு, நம்பர் பிளேட்ட எடு. இவர் கையையும் எடு."

டிரேவர் நிமிர்ந்தான். நடக்க முடிந்த பெண்கள் அத்தனை பேரும் கோவிந்தப்பாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். அடித்துவிடுவார்களோ என்று அவர் தலையை மறைத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொடவில்லை. தொட அருவருப்பாக இருந்தது. ஆட்டோக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போலீஸ் வந்து கோவிந்தப்பாவை ஊதச் சொன்னது. கருவியில் தெரிந்த எண்ணை ஏட்டு இரண்டு தடவை பார்த்தார். ஸ்வர்ணா சாவியை அவர் கையில்தான் கொடுத்தாள்.

அவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓசூர் ரோட்டில் அவள் அண்ணனை ஒரு லாரி அடித்துப்போட்டது. லாரி ஓனர் பழக்கூடையோடு வந்து அழுதார். அண்ணன் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டார். லாரியே வரவில்லை, அண்ணன் தானாக விழுந்தார் என்று அந்தத் தாள் பிற்பாடு சொன்னது.

அதனால்தான், தகரத்தை வெட்டி ஆஞ்சலாவை வெளியே எடுத்ததும், "நமக்குத் தெரிஞ்ச நர்சிங் ஹோம் இருக்கு" என்று டிரேவர் சொன்னபோது, அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். எப்படி அடிபட்டது என்று கேட்ட டாக்டரிடம், "வேன் ஓட்டினவர் குடிச்சிருந்தாரு. போலீஸ் கேசுன்னு எழுதுங்க டாக்டர்" என்றாள். தலையில் லேசாக இடித்துக்கொண்டவர்களையும் விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா, வீட்டுக்குப் போறேன்," என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கு ஒண்ணும் இருக்காது. நாளைக்கு வாந்தி எடுத்தா, நீ வேன்லயே இல்லன்னு சொல்லுவானுங்க. காட்டிட்டுப் போ. சீட்டு வாங்கி பத்திரமா வெச்சுக்கோ."

மறுநாள் முதலாளி சுந்தரமூர்த்தி வார்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஆப்பிள் பை. ஆஞ்சலாவின் காலில் முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பிகள் செருகியிருந்தார்கள். சுந்தரமூர்த்தி கட்டில் கம்பியைப் பிடித்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, கட்டிலைத் தொட்ட கையில் மருந்து விட்டுத் தேய்த்துக்கொண்டார்.

"ஸ்வர்ணா, நாம எல்லாம் ஒரே ஜனம். தமிழ் பேசறவங்க. பொழைக்க வந்த ஊர்ல நமக்குள்ள போலீசு, கோர்ட்டு எதுக்கு? ஆஞ்சலாவுக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன். இதுல மட்டும் ஆளுக்கொரு கையெழுத்து."

லாவண்யா தாளை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொன்னாள். வேனை ஓட்டியது கிஷோர். நாய் ஒன்று குறுக்கே வந்ததால் விபத்து. கம்பெனி மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

கட்டிலிலிருந்து ஆஞ்சலாவின் குரல் வந்தது. "நாய் என்ன கலர் சார்?"

"என்னம்மா?"

"முன் சீட்ல நான்தான இருந்தேன். எனக்குத் தெரியாத நாய் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அதான் கேட்டேன்."

அடுத்த கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். சுந்தரமூர்த்தியின் முகத்தில் விபூதிக்குக் கீழே நரம்பு புடைத்தது.

"சோறு போட்ட கை இது. மறந்துடாதீங்க."

"சோறு நாங்க ஆக்கினது சார்," என்றாள் ஸ்வர்ணா. "உங்க வேன்ல கொட்டிப் போச்சு. ஆப்பிள எடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை, போலீசில் வாக்குமூலம் கொடுத்த ஸ்வர்ணா, லாவண்யா உட்பட ஐந்து பெண்களுக்குக் கேட் திறக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கை என்று செக்யூரிட்டி சொன்னார். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

அன்று சாயங்காலம், ஜாமீனில் வெளியே வந்திருந்த கோவிந்தப்பா ஸ்ரீராம்புரம் சந்துக்குள் ஸ்வர்ணாவைத் தேடிக்கொண்டு வந்தார். சவரம் செய்திருந்தார். லாவண்யாவும் அங்கேதான் இருந்தாள்.

"யாருகிட்டயும் கேக்காம நானே வேன எடுத்துட்டுப் போனேன்னு சொல்லணுமாம்மா. சொன்னா சாரே வக்கீல் வெப்பாராம். ஆள் மாத்தினது வேலைக்காகல, இப்ப திருடன் ஆக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?" ஸ்வர்ணா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

அவர் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டார். வெள்ளிக்கிழமை காலை நாலு ஐம்பதுக்கு வந்தது. டிரேவரின் குரல், தூக்கக் கலக்கத்தில், கொட்டாவியோடு: 'கோவிந்தப்பா, என்ன ஒக்காந்து அழுவற? தண்ணி போட்டிருந்தா பரவால்ல, மெதுவா ஓட்டு. லேடீஸ்தான, மெட்டீரியல் ஒண்ணும் இல்லியே. சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு, வாங்கிக்க.'

லாவண்யா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்வர்ணா இன்னொரு தடவை போடச் சொன்னாள். 'மெட்டீரியல் ஒண்ணும் இல்லியே.' குழாய்த் தலை ஏற்றியிருந்தால் கவனமாக ஓட்டச் சொல்லியிருப்பான்.

"அன்னிக்கு முடியல, கண்ணு இருட்டுதுன்னு சொன்னேன்மா. அதுக்குத்தான் இது."

"குடிச்சது யாரு?"

"நான்தான்."

"அக்கா கால ஒடச்சது யாரு?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான்தான்."

"அத எங்க வேணா போய் சொல்லு. தண்டனை குடுத்தா வாங்கிக்கோ. எனக்கு உன்மேல இரக்கம் இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா இன்னும் அந்த நாத்தம்தான் வருது." அவள் குரல் தணிந்தது. "தெரிஞ்சும் தெனம் மூக்க மூடிக்கிட்டு ஏறினேனே, என்மேலயும்தான் வருது. நான் அன்னிக்கே எறங்கி நின்னிருக்கணும். ஆனா சாவியக் குடுத்தவன் பேரையும் நீ சொல்லணும். இந்தக் குரலப் போலீஸ்ல குடு."

"பயமா இருக்கும்மா."

"நாங்க கூட வரோம். நீ குடிக்காம வா."

அவர் லாவண்யாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் லாவண்யா அந்த மெசேஜைத் தன் போனுக்கு அனுப்பியிருந்தாள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்வர்ணா ஒவ்வொரு வீடாகப் போய் அதைப் போட்டுக் காட்டினாள். எந்த வீட்டிலும் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. டிரேவரே பேசினான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் வேறு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கிஷோர். பெண்கள் ஏறாமல் நின்றார்கள்.

"நான் குடிக்கறவன் இல்லக்கா," என்றான் கிஷோர், அவசரமாக.

"தெரியும்," என்றாள் ஸ்வர்ணா. "தூங்கினியா?"

அவன் கண்கள் சிவந்திருந்தன. "ஏர்போர்ட்ல சாரோட விருந்தாளிங்க. மூணு மணிக்குத்தான் விட்டேன்."

"அப்ப வண்டிய அணைச்சுட்டுத் தூங்கு. நாங்க பஸ்ல போறோம்."

பதின்மூன்று பெண்களும் பஸ்ஸில் போனார்கள். நேற்றுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவர்கள் இன்று ஸ்வர்ணாவின் கண்ணைப் பார்த்து நின்றார்கள். கேட்டுக்கு முன்னால் மண் தரையில் உட்கார்ந்தார்கள். லாவண்யா ஒரு அட்டையில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஓட்டுகிறவர் எங்கள் கண்ணெதிரில் ஊதிக் காட்ட வேண்டும். தூங்காதவரை ஓட்ட வைக்கக் கூடாது. ஐந்து பேரையும் திரும்ப எடுக்க வேண்டும். ஆஞ்சலா அக்காவுக்கு நஷ்டஈடு. கீழே அதையே கன்னடத்திலும் இந்தியிலும் யார் யாரிடமோ கேட்டு எழுதியிருந்தாள்.

டிரேவர் கேட்டுக்கு உள்ளிருந்து கத்தினான். "உள்ள வர்றவங்க வரலாம். அஞ்சு நிமிஷம் டைம். அப்புறம் யாருக்கும் வேலை இல்ல."

ஒருவரும் எழவில்லை. லாவண்யா போனை உயர்த்தி, அந்தக் குரலை முழுச் சத்தத்தில் ஓடவிட்டாள். டிரேவர் தன் கொட்டாவியைத் தானே கேட்டான்.

எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் கோவிந்தப்பா நின்றிருந்தார். கிட்டே வரத் துணிச்சல் இல்லை. வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நேராக நின்றிருந்தார்.

"ஸ்டேஷன் எத்தன மணிக்குமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பத்து மணி," என்றாள் ஸ்வர்ணா.

சுந்தரமூர்த்தியின் கார் வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவை நீளமாக அடித்தது. பெண்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். உள்ளே, பித்தளையை அழுத்தும் பிரஸ் ஷாப்பில், கொண்டுவிட வேன் இல்லாமல் இரவு ஷிப்ட் முடிந்தும் வேலையிலேயே இருந்த ஆண்கள், பீகாரிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் வந்தவர்கள், ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதே வேனில், அதே கோவிந்தப்பாவோடு இரவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவன் லாவண்யாவின் அட்டையை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்துவிட்டு உள்ளே திரும்பிப் போனான்.

தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த பிரஸ் மெஷின்களில் ஒன்று நின்றது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று.