கென்டக்கி முறை

அன்று காலை என் கணவர் சபாநடேசன் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதும், இடையிடையே நிமிர்ந்து குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து வாக்களிப்பதுமாக இருந்தார்.

"என்ர வாக்கு பெனிற்றாவுக்கு!"

என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுதோ?" என்றார்.

"செவன் கிங்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுது. லீக்ஸைப் பெரிசா வெட்டாதேங்கோ."

பிறகு தேங்காய்ப்பால் வாங்கப் போனார். பஸ் தரிப்பில் விழுந்துவிட்டார் என்று பொலிஸ்காரி வந்து சொன்னபோது லீக்ஸ் அடுப்பில் இருந்தது. மாரடைப்பு.

அவர் எதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்கு வாக்களித்துப் பழகினார் என்பதைச் சொல்ல வேண்டும். அது அவரே தேடிக்கொண்ட வினை.

இங்கே புலம்பெயர்ந்திருக்கும் எங்கள் ஊரவரின் நலன்புரிச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகக் குலவீரசிங்கம்தான் தலைவர். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டிவிட்டு ரோல்ஸ் ஆறுவதற்குள் மேசைக்குப் போய்விடுவோம். சென்ற வருட ஒன்றுகூடலில் என் கணவரைக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். இவர் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்த நேரம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருநூறு வருடத்துக்கு முன் ஆளுநரை எப்படித் தெரிவு செய்தார்கள் என்று விளக்கினார். சீட்டு இல்லை, பெட்டி இல்லை. மேசைக்கு முன்னால் போய் நின்று, நாலு பேர் கேட்க, பெயரைச் சொல்ல வேண்டும். எழுத ஒருவர் இருப்பார். வெளியே விஸ்கி. காணிக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது குத்தகைக்காரன் யாருடைய பெயரைச் சொல்லியிருப்பான் என்று சபையைக் கேட்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. தங்களைத்தான் சொல்கிறார் என்று விளங்கிவிட்டது போல என நினைத்து, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

அடுத்த கூட்டத்திலேயே சங்கத்தின் விதிக்கோவையான யாப்பைத் திருத்தினார்கள். "அமெரிக்காக்காரனே இப்பிடித்தான் தொடங்கினவன்," என்றார் தலைவர். இனிமேல் வாக்கு வாயால்தான். அதற்குக் கென்டக்கி முறை என்று பெயரும் வைத்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

"நான் நக்கலுக்குச் சொன்னன். இவங்கள் சட்டமாக்கிப் போட்டாங்கள்," என்று இவர் தலையில் கைவைத்தார்.

"நல்லகாலம், தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசேல்லை," என்றேன்.

இந்த முறை தலைவரை எதிர்த்து நின்றவள்தான் பெனிற்றா. மிச்சம் என்ற இடத்தில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் தாதி. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்பதே அவளுடைய ஒரே கோரிக்கை. சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அது குடும்பத் தலைவருக்கு. அவர் இறந்தால் மகனுக்கு. மகனும் இல்லாவிட்டால், வேறு வழியில்லாமல், விதவைக்கு. ஆகவே பெனிற்றா தேர்தலில் நிற்கலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. அவளுக்கு வாக்குத் தருவதாகத் தொலைபேசியில் நிறையப் பேர் சொன்னார்கள். இவர் மட்டும் சத்தமாகச் சொல்லிப் பழகினார்.

இவர் போன பிறகு குலவீரசிங்கம் செய்தவற்றைக் குறை சொல்ல முடியாது. மண்டபம் எடுத்தார், பிரேதப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு ஜனநாயகம் கற்பித்த அமரர்," என்று ஒலிவாங்கியில் அழவும் செய்தார். பெட்டிக்குள் இருந்தவர் எழும்பி மறுக்க முடியாத நிலையில் இருந்தார்.

எங்களுக்கு ஒரே மகள். ஆகவே வாக்கு எனக்கு வந்தது. தேர்தலுக்கு முன் குலவீரசிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"இந்த நிலமையில உங்களுக்கு ஏலாது அக்கா. நீங்கள் வரத் தேவையில்லை. உங்கட வாக்கை நானே சொல்லிவிடுறன்."

"ஆருக்கெண்டு?"

அவர் சிரித்தார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. போகத்தான் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

மண்டபத்தில் தலைவர் பட்டு வேட்டியோடு முன்னால் இருந்தார். பக்கத்தில் பெனிற்றா. ஒவ்வொருவரும் வந்து தலைவருடைய பெயரைச் சொல்லச் சொல்ல, அவர் முழங்கால் வலியோடு எழுந்து, "நன்றி தம்பி," என்று கும்பிட்டுவிட்டு இருந்தார். பதினொரு வருடத்தில் அவர் பட்ட ஒரே கஷ்டம் அதுதான். தொலைபேசியில் பெனிற்றாவுக்கு வாக்குத் தந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய பெயரைச் சொன்னார்கள். பெனிற்றாவின் கணவர் தலைவருடைய கடையில் மனேஜர். அவர் கூரையைப் பார்த்தார்.

"குலவீரசிங்கம் அண்ணை."

"இண்டைக்கு நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ," என்றாள் பெனிற்றா. மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு நான். என் கணவரைச் சுமந்த தோள் எனக்கு நேரே, எழும்ப ஆயத்தமாக இருந்தது. மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பெனிற்றாவுக்கு."

"கேக்கேல்லை அக்கா," என்றான் செயலாளர் நிசாந்தன்.

"பெனிற்றாவுக்கெண்டு சொன்னன்!"

குலவீரசிங்கம் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, கையும் கூப்பி, "நன்றி அக்..." வரைக்கும் வந்துவிட்டார். எழும்புவதா இருப்பதா என்று அவருடைய முழங்காலுக்கே தெரியவில்லை.

எல்லாம் முடிய நிசாந்தன் அறிவித்தான்: "ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்."

"தம்பி, நான் சொன்னது?"

அவன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "அது துக்கத்தில வந்த சொல் அக்கா. நாங்கள் பெரிசா எடுக்கேல்லை."

"துக்கம் வந்தபடியால்தானே எனக்கு வாக்கே வந்தது?"

அவன் சிற்றுண்டி மேசையைக் காட்டினான். "ரோல்ஸ் எடுங்கோ அக்கா, ஆறப்போகுது," என்றான்.

நான் எடுக்கவில்லை. வாக்குகளை எழுதிய பதிவேடு இருந்த மேசைக்குப் போய், அவன் பேனையை எடுத்து, அதில் "பெனிற்றாவுக்கு ஒன்று" என்று நானே எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. துக்கம் என்று விட்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் வாக்கு என்ற விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கூட்டமும் நடந்து முடிந்துவிட்டது. சங்கத்தில் வாக்குள்ள பெண் இன்றைக்கும் நான் ஒருத்திதான்.