பஸ்ஸுக்குத் தெரிந்த கதை

சாம்சனுக்கு வயிறு எரிந்தது. எரிய வைத்தவன் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரன் என்பதுதான் கேவலம்.

அவன் மனைவி ஷாரோன் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. சரித்திரம் படிக்கிறாள். பாடத்தில் ஓர் ஆள் வந்தான். இங்கிலாந்து ராஜாவுக்காக வாளெடுத்துச் சண்டை போட்டவன். ராஜா தோற்றதும் ஊரைவிட்டு ஓடி, பிறகு அவர் மகனுக்காகத் தேசம் தேசமாகத் தூது போய், கிழவனானதும் அத்தனையையும் எழுதி வைத்தவன். கம்பெனி பஸ்ஸில் அவன் கதையைத் தினம் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போவாள்.

இது சாம்சனுக்கே சுங்குவார்சத்திரம் டீக்கடையில்தான் தெரிந்தது. ஷாரோனோடு வேலை பார்க்கும் தேவிப்பிரியா கேட்டாள்: "அண்ணா, அந்தத் தூதரு அப்புறம் இன்னா ஆனாரு? நேத்து சொல்லிகினே அக்கா அழுதுட்டாங்க."

பஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது, கட்டினவனுக்குத் தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து ஷாரோன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கு அழுவுறியாமே? ஊருக்கே கதை சொல்ற. எனக்குச் சொன்னியா?"

"உனக்குத்தான்யா மொதல்ல சொன்னேன். ராஜா தோத்த எடத்துக்கு வந்தேன். உன் மேனேஜர் போன் பண்ணாரு. ஓவர்டைம்னு எழுந்து போய்ட்ட."

அது உண்மைதான். ஒரகடம் பாக்டரியிலிருந்து மேனேஜர் திருநாவுக்கரசு சார் கூப்பிட்டால் சாம்சன் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"அப்டி இன்னாதான் கீது அவன்கிட்ட?" என்றான். கோபமாகத்தான் ஆரம்பித்தான், கெஞ்சலாக முடிந்தது.

"ஒண்ணும் இல்ல. ராஜா கூப்ட்டா ஓடுவான். அவ்ளோ பக்கம் எழுதிகீறான், பொண்டாட்டிக்கு ஒத்த வரி. நான் அழுதது அவளுக்காக."

 செத்தவன் மேல் சாம்சன் பொறாமைப்பட்ட நாளெல்லாம், ஷாரோன் உயிரோடிருக்கிற திருநாவுக்கரசு சார் மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு பூண்டுப் பல்லை எடுத்தான்.

"சரி, சொல்லு. அவ இன்னா ஆனா?"

ஷாரோன் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். போன் அடித்தது.

அவன் யோசிக்கவே இல்லை. பூண்டு ஒட்டிய கையாலேயே எடுத்துவிட்டான். "சொல்லுங்க சார்."

மிச்சக் கதையை ஷாரோன் மறுநாள் பஸ்ஸில் சொன்னாள்.