பெடல் கனக்கிறது

மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்குச் 'சொகுசு' என்று பெயர். அவர் கியர் மாற்றுவது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஏறிய பத்தாவது நிமிஷம் கண் சொக்கிவிடும். இறங்கும் இடம் வந்ததும் அவர்களை எழுப்புவதுதான் தனக்குப் பெரிய வேலை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரின் வண்டி ஒரு நாள் சிக்னலில் குலுங்கி நின்றது. மறுநாளும் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள்.

"கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு மச்சான். மிதிச்சு மாளல" என்றார் மெக்கானிக்கிடம்.

அவன் கேபிளை மாற்றிக் கொடுத்தான். பழைய கேபிளில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. இருந்தாலும் மாற்றினான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அவரிடமிருந்து போன். "கேபிள் இல்ல மச்சான். உள்ளதான் கோளாறு. மொத்த செட்டையும் மாத்திடுவோம். ஒர்க்‌ஷாப்ல விட்டா மூணு நாள் முடங்கும். ஞாயித்துக்கெழமை வீட்லயே வச்சுப் பாத்துரலாம்."

அன்று சாயங்காலம் மெக்கானிக் அந்த வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். கால் வைத்ததும் பெடல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் இவ்வளவு லேசான கிளட்ச் நாலைந்துகூட இருக்காது. குழப்பத்தோடு திரும்பி வந்து, "நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க மாமா, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றான்.

சொகுசு ஏறி உட்கார்ந்தார். வலது கால் தானாக உள்ளே போனது. இடது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார். அப்படிச் செய்ததே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பெடலை மிதித்தபோது உதட்டைக் கடித்தார். இடுப்பை முன்னால் தள்ளி, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் காலில் போட்டார்.

"பாத்தியா? எவ்வளவு டைட்டு?"

"ஆமா மாமா" என்றான் மெக்கானிக்.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. இடது கால் செருப்பின் முனை மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. படியேறும்போது அந்தப் பாதம் தட்டிக்கொண்டே ஏறியது. பேன்ட்டுக்குள் ஆடுசதை சூம்பிக் கிடந்தது. அக்காவிடம் தனியாகக் கேட்டபோது, "கால்ல ஏதோ குறுகுறுன்னு துடிக்குதுங்கறாரு. வண்டி ஓட்டி ஓட்டி அலுப்புடா. கிளட்ச மாத்துனா சரியாயிடுமாம்" என்றாள்.

வண்டியில் கோளாறு இருக்கட்டும் என்று ஆசைப்படுகிற மெக்கானிக் ஊரில் நிறையப் பேர் உண்டு. இவனும் அன்று ராத்திரி அப்படித்தான் ஆசைப்பட்டான், ஆனால் பிழைப்புக்காக அல்ல.

சனிக்கிழமை இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். வண்டியின் வருஷம், மாடல், கிளட்ச் தட்டின் அகலம், நடுவில் இருக்கும் பல்லின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மெக்கானிக் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தான். கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேஜைமேல் அடுக்கினார்.

"இது கம்பெனி செட்டு. இது கம்பெனிக்கே செஞ்சு குடுக்கறவங்க, அவங்க சொந்தப் பேர்ல போடறது. ரெண்டும் ஒண்ணுதான். இந்த மூணாவதை எனக்குப் பிடிக்காதவங்களுக்குத்தான் குடுப்பேன்."

சொகுசு சிரிக்கவில்லை. பெட்டிகளைத் திறந்து, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நடுவில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

"இதுல எதுங்க லேசா இருக்கும்?"

"அதைக் கையால அழுத்தி யாரு கண்டுபிடிக்க முடியும்? மாட்டி மிதிச்சாதான் தெரியும்."

"இல்ல, எது ரொம்ப லேசோ அதைக் குடுங்க."

கடைக்காரர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் சீட்டைப் பார்த்தான். "கம்பெனி செட்டே எடுத்துக்கலாம் மாமா" என்றான்.

அதோடு விடவில்லை அவர். பெடலை மிதித்ததும் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் நாலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுழற்றி, சத்தமே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், அதன் புஷ், கேபிள் முனையில் வரும் ரப்பர் வரை வாங்கினார். "எதையும் விட்டு வைக்கக் கூடாது மச்சான். அப்புறம் இதுதான் காரணமோ, அதுதான் காரணமோன்னு மண்டையக் குடையும்."

வெளியே வந்ததும் மெக்கானிக் வாயைத் திறந்தான். "மாமா, அந்தக் காலையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு..."

"கால்ல என்ன? நாள் பூரா கல்லை மிதிச்சா யாருக்கும்தான் நோகும். நீ முதல்ல வண்டியப் பாரு." குரலில் அவன் இதுவரை கேட்டிராத கடுமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டோரத் தகரக் கொட்டகையில் வண்டியைத் தாங்கிகளில் ஏற்றினான். பேட்டரியைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்கமும் ஆக்சிலை உருவி, மதியத்துக்குள் கியர் பெட்டியை இறக்கிவிட்டான். சொகுசு முக்காலியில் உட்கார்ந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அக்கா இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள்.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டும் கழன்றதும் பழைய தட்டு அவன் கையில் விழுந்தது. அதைக் கரித்துணிக் குவியலுக்குள் நழுவவிடப் பார்த்தான். அதற்குள் அவர் கை நீட்டிவிட்டார்.

"குடு பாப்போம்."

கொடுத்தான். அவர் அதைத் துடைத்தார். தேய்மானம் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிவெட் தலைகளுக்கு மேலே லைனிங் இன்னும் பாதிக்கு மேல் நின்றது. விளிம்பை நகத்தால் தடவினார். பழைய பேரிங்கை எடுத்துச் சுழற்றினார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்" என்றார்.

மெக்கானிக் கையிலிருந்த போல்ட்டுகளைத் துடைத்தான்.

"சரி. புதுசைப் போடு."

தட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக முடுக்கி, கியர் பெட்டியைத் தூக்கிச் சேர்த்து, கேபிளின் தளர்வைச் சரிபார்த்தான். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது.

சொகுசு ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெடல் பாதி வரை போய் நின்றது. கால் நடுங்கியது. மறுபடி மிதித்தார். மூன்றாம் தடவை பாதம் பெடலிலிருந்து வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தது.

அவர் இறங்கினார். "இந்தாம்மா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஏறு. அந்த இடது பக்கத்துப் பெடலை மிதி."

"எனக்கு என்னங்க தெரியும்? நான் ஸ்டியரிங்கைக்கூடத் தொட்டதில்ல."

"ஓட்டச் சொல்லலை. மிதி."

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பயந்து பயந்து காலை வைத்தாள். பெடல் அடிவரை போனது. விட்டாள், எழும்பியது. மறுபடி மிதித்தாள்.

"நல்லாத்தானே இறங்குது?" என்று சந்தோஷமாகத் திரும்பினாள். "சரியாயிடுச்சாடா தம்பி?"

அவள் தம்பி ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். சொகுசு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தன் இடது காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உனக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?" என்று கேட்டார்.

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏன் மாத்துன?"

"வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நரம்பைச் சோதித்தார்கள். மூன்று வாரம் அலையவிட்டு, டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாக இற்றுக்கொண்டு வருவதாகவும், இது இடது காலோடு நிற்காது என்றும், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எண்ணெய் தேச்சு நீவிவிடலாமா?" என்று கேட்டாள். தேய்க்கலாம் என்றார் டாக்டர்.

ஸ்டாண்டில் அவர் வண்டி நிற்கும் இடத்தில் இன்னொருவர் நிறுத்தத் தொடங்கினார். சொகுசு வீட்டில் உட்கார்ந்து, கையாலேயே கிளட்ச் பிடிக்கிற அமைப்பு ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்தார். மெக்கானிக் விசாரித்து வந்தான். இரண்டு வகை இருந்தது. பட்டனை அழுத்தினால் மோட்டார் கேபிளை இழுப்பது ஒன்று. கியர் கம்பியோடு சேர்த்துக் கையால் பிடிக்கும் லீவர் இன்னொன்று.

"லீவரே வாங்கு" என்றார். "பட்டன்ல கிளட்ச் எங்க கவ்வுதுன்னு தெரியாது. வண்டி குலுங்கும்."

இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார். எந்தப் பக்கம் மாட்டுவது, கேபிள் எவ்வளவு நீளம் என்று படம்கூட வரைந்தார். அவர் முகத்தில் களை வந்துவிட்டது. அக்காவும் அதைப் பார்த்துக் கொஞ்சம் சாப்பிட்டாள்.

சாமான் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் வலது காலும் இழுக்கத் தொடங்கி, அவர் பெரும்பாலும் கட்டிலில்தான் இருந்தார். ஆனாலும் தினமும் கேட்டார். வந்த அன்று மெக்கானிக் பெட்டியைப் பிரித்து லீவரை அவர் கையில் வைத்தான். அவர் பிடித்தார். கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. மற்ற விரல்கள் லீவர்மேல் கிடந்தனவே தவிர மடங்கவில்லை. முகமெல்லாம் வேர்த்தது.

"கொஞ்சம் டைட்டா இருக்கு மச்சான்" என்றார். "ஸ்பிரிங்க மாத்தி லேசா போட முடியுமா?"

அந்த லீவரில் இன்னும் ஸ்பிரிங்கே மாட்டியிருக்கவில்லை. ஸ்பிரிங் தனியாக, பிரிக்காத பையோடு பெட்டியில் கிடந்தது.

"பாக்கறேன் மாமா" என்றான் மெக்கானிக்.

லீவரை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான். அக்கா சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "என்னடா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"டைட்டா இருக்காம்."

அவள் கை நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் சட்டியில் விழுந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.