சத்தம் ஜாஸ்தியான டேக்

என் வீட்டுக்காரருக்குப் பையைத் தொலைப்பது ஒரு பழக்கம். சில பேர் வெற்றிலை போடுவார்கள், சில பேர் பொடி போடுவார்கள், இவர் போகிற இடத்தில் பையைப் போட்டுவிட்டு வருவார். கறுப்பு ரெக்ஸின் பை. பர்ஸ், ஆதார் கார்டு, மூக்குக் கண்ணாடி, மில் சாவிக்கொத்து எல்லாம் அதில்தான். அவர் பெயர் மணிவேல். வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதும்போது பரவாயில்லை.

தொலைந்த பை எப்படியோ திரும்பி வந்துவிடும். ஆனால் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் சும்மா கொடுக்கமாட்டார்கள். ஒரு முறை கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டர் எங்கள் வீட்டு வாசலிலேயே சண்டைக்கு நின்றார்.

"அண்ணே பை, அண்ணே பைன்னு தொண்டை கிழியக் கத்தறேம்மா. திரும்பிக்கூடப் பாக்காம போய்ட்டாரு. அவ்ளோ திமிரு ஆவாது."

அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் பார்த்ததற்கே உனக்கு இவ்வளவு கோபமா, நான் கூடவே குடும்பம் நடத்துகிறேனப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவருக்குக் கீழ்பென்னாத்தூர் கடலை மில்லில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான், கடலை உடைக்கிற மெஷின் பக்கத்தில்தான் நிற்பார். சாயங்காலம் தலையெல்லாம் தொப்பித் தூளோடு, கடலை ஓட்டுத் தூசியோடு வருவார். எனக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து விடுதியில் வரவேற்பு மேஜை. எங்கெங்கிருந்தோ பிளேன் ஏறி மௌனத்தைத் தேடி இங்கே வந்து தங்குகிறார்கள். என் வீட்டில் அது வேண்டிய மட்டும் கொட்டிக் கிடக்கிறது, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லத் தோன்றும்.

மகள் எழில் வீட்டில் இருந்தவரை இது தெரியவில்லை. "அப்பா, அம்மா கூப்புடறாங்க பாரு" என்று நடுவில் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகுதான் வீடு அப்படியே அடங்கிப்போனது. நான் சமையல்கட்டிலிருந்து "ஏங்க" என்பேன். பதில் வராது. மறுபடியும் "ஏங்க" என்பேன். எட்டிப் பார்த்தால் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி" என்று முனகிக்கொண்டு திரும்புவேன். அதற்காவது கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவாரா என்றால் அதுவும் கிடையாது. டிவியை மட்டும் தெருமுனை வரை கேட்கிற மாதிரி வைப்பார். என் குரல் விழக்கூடாது என்றுதான் அப்படி வைக்கிறார் என்று நினைத்தேன்.

சுவரோடு எத்தனை நாள் பேசுவது? நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்து போவார்.

இந்தச் சமயத்தில்தான் விடுதி முதலாளி வேணு சார் பாண்டிச்சேரியில் புது விடுதி திறந்தார். "நீங்களே வந்து பாத்துக்கோங்கம்மா, தங்க ரூமும் தரேன்" என்றார். இந்த வயதில் வீட்டை விட்டுப் போவதா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் ஒரு நாள் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, போனால்தான் என்ன என்று தோன்றியது. அதிலிருந்து சிரிப்பு வரவில்லை.

முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. பௌர்ணமி கிரிவலத்தில் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றுகிறோம். இடது ஓரமாக, அவர் முன்னால், நான் பின்னால். எங்கம்மாவும் எங்கப்பா பின்னால்தான் நடந்தாள். அதனால் நானும் யோசிக்காமல் அப்படியே நடந்து பழகிவிட்டேன். நிருதி லிங்கம் தாண்டி, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏங்க, வேணு சார் பாண்டிச்சேரிக்குக் கூப்புடறாரு. அங்கியே தங்கணும். நான் போவட்டுமா?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். நடையில்கூட ஒரு மாற்றமில்லை.

அதையே பதில் என்று எடுத்துக்கொண்டேன். போனால் போ என்று வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அடுத்த பௌர்ணமி முடிந்ததும் முடிவைச் சொல்கிறேன் என்று வேணு சாரிடம் சொல்லிவிட்டேன். மனதளவில் மூட்டை கட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. நான் போன பிறகு அந்தப் பையை யார் தேடுவது? கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனுஷன் சாவியில்லாமல் மில் வாசலில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. விடுதிக்கு வருகிறவர்கள் பெட்டியில் டேக் என்று வட்டமாக ஒன்று மாட்டியிருப்பார்கள், போனில் பார்த்தால் பெட்டி இருக்கிற இடத்தைக் காட்டும். போவதற்கு முன்னால் இவருக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று தேரடி வீதியில் இளவரசன் செல்போன் கடைக்குப் போனேன்.

அவன் கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று விதம் எடுத்து வைத்தான்.

"இது கார்டு மாதிரிக்கா. பர்ஸுக்குள்ளயே சொருகிக்கலாம், ஆனா சத்தம் கம்மி. இது ஐபோனுக்குத்தான் ஆவும், உங்களுக்கு வேணாம். இந்த வட்டத்துக்கு பேட்டரி மாத்திக்கலாம், பையில மாட்டிக்கலாம்."

"எங்க போனாலும் காட்டுமா?"

"அதுவா எங்கியும் காட்டாதுக்கா. சுத்தி நாலு பேர் போன் வச்சிருக்கணும். அந்தப் போனுங்க வழியாத்தான் நமக்குத் தகவல் வரும். கிரிவலக் கூட்டத்துல பிரமாதமா காட்டும். கடலைக் கொல்லையில போட்டீங்கன்னா கடைசியா பார்த்த எடத்தத்தான் சொல்லும்."

"பக்கத்துல இருந்தா?"

"போன்ல அமுக்குனீங்கன்னா அதுவே கத்தும்."

பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. "இருக்கறதுலயே எது சத்தம் ஜாஸ்தியோ அதக் குடுப்பா" என்றேன். "கூப்புட்டாத் திரும்பற ஆளு இல்ல அவரு."

இளவரசன் மூன்றையும் கத்தவிட்டுக் காட்டினான். வட்டமானதுதான் காதைக் குத்தியது. பக்கத்துப் பூக்கடைக்காரி எட்டிப் பார்த்து இன்னா அது என்று கேட்டாள். அதையே வாங்கினேன். என் போனில் வைத்து, அவர் போனிலும் தெரிகிற மாதிரி பகிர்ந்து கொடுத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பை நாற்காலி முதுகிலேயே, அவர் தோளை ஒட்டித் தொங்கியது. டேக் மாட்டியதை முன்பே காட்டியிருந்தேன், தலையாட்டியிருந்தார். நான் சமையல்கட்டில் நின்றபடி போனில் அமுக்கினேன்.

கீச்சு கீச்சென்று கத்தியது. வாசல்படியில் படுத்திருந்த பூனை திடுக்கிட்டு எழுந்து மதில்மேல் தாவியது. அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். என்னைத்தான் மதிக்கவில்லை, வாங்கிக் கொடுத்த சாமானையுமா? போனைப் பிடித்தபடி அவர் எதிரே போய் நின்று மறுபடியும் அமுக்கினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"இன்னா, அமுக்கிப் பாத்தியா?" என்றார். "சத்தமே காணோமே. அந்தப் பையன் உன்ன ஏமாத்திட்டான் போல."

அவர் இதைச் சொல்லும்போதும் அது கத்திக்கொண்டிருந்தது.

அவர் முகம் எனக்குத் தெரியும். டீயில் சர்க்கரை போட்டுக் குடித்ததைக்கூட மறைக்கத் தெரியாத முகம். அதில் நடிப்பு எதுவும் இல்லை. நான் மெதுவாகச் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

"ஏங்க" என்றேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் கூட்டி "ஏங்க" என்றேன். அசைவில்லை. முன்னால் வந்து நின்று அதையே சொன்னேன்.

"சொல்லு" என்றார் உடனே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேப்பரைப் போட்டுவிட்டுக் குனிந்தார். "இன்னா ஆச்சு? மயக்கமா?"

"அது கத்துதுங்க. பூனை பயந்து ஓடுது. உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் பையோடு டேக்கை எடுத்து ஒரு காதில் வைத்தார், மறு காதில் வைத்தார். விரலால் தொட்டுப் பார்த்து, "லேசா அதிருது" என்றார். மதில்மேல் இருந்த பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நீ என்கூடப் பேசறதையே நிறுத்திட்டேன்னு இல்ல நெனச்சேன். எழில் போனதுல இருந்து. சரி, இவளுக்கு என்மேல சலிச்சிப் போச்சின்னு உட்டுட்டேன்."

நான் அழுதேன். மறைக்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ளவும் இல்லை. அவருக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காது டாக்டர் இவர் காதில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார். கடலை உடைக்கிற மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று மெல்லிசான சத்தமெல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம் மட்டும் கேட்கிறது என்றார். பெண்கள் குரலும் பின்னாலிருந்து கூப்பிடுவதும் பிடிபடாது, எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். போனது திரும்பாது, காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்று சொல்லி, அளவெடுத்து அனுப்பினார். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தீர்கள் என்றும் கேட்டார்.

"மில்லுல யாரும் வாயால பேசிக்கமாட்டோம் சார். மெஷின் ஓடறப்ப எல்லாமே கைஜாடைதான். ஊர்ல எல்லாரும் இப்பல்லாம் முணுமுணுன்னு பேசறாங்கன்னு நெனச்சிகினேன்" என்றார் இவர்.

வரும் வழியில் இளவரசன் கடையில் நின்று, கட்டைக் குரலில் கத்துகிற டேக் இருக்கிறதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "எல்லாமே கீச்சுதான்க்கா. அண்ணன் போன்ல மேப்பப் பாத்துக்கட்டும்" என்றான்.

இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தவறு. கண்டக்டர்மேலும் தப்பு இல்லை, இவர்மேலும் தப்பு இல்லை, அது வரை புரிந்தது. ஆனால் என் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கேள்வியே அவரிடம் போய்ச் சேரவில்லை. வேணு சார் வேறு நடுவில் ஒரு தடவை நினைவுபடுத்தினார். இப்போது கேட்டால் அவருக்கு விளங்கும். விளங்கிய பிறகும் அவர் பேசாமல் நடந்தால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது. வீட்டில் எத்தனையோ தடவை எதிரே போய் நின்றேன், சாம்பாருக்கு உப்பு சரியா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பௌர்ணமி வந்தது. காது மெஷின் இன்னும் வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். அவர் தோளில் பை, பையில் டேக். பழக்க தோஷம், ஆசிரமம் வருவதற்குள் நான் பின்னால் போய்விட்டேன்.

எம லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு அவர் நின்று திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு லிங்கத்திலும் அப்படித்தான் பார்ப்பார். சீக்கிரம் வா என்று விரட்டுகிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, என் காலடிச் சத்தம் கேட்காத மனுஷன் நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நிருதி லிங்கம் தாண்டியதும் நான் எட்டி நடந்து அவரை முந்திப் போய் எதிரே நின்றேன். பின்னால் வந்தவர்கள், "ஓரமா போங்கம்மா" என்று இடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏங்க, போன பௌர்ணமிக்கு இதே எடத்துல உங்களாண்ட ஒண்ணு கேட்டேன். உங்க முதுகுகிட்ட கேட்டுட்டேன்."

அவர் என் வாயையே பார்த்தார்.

"வேணு சார் பாண்டிச்சேரிக்குக் கூப்புடறாரு. அங்கியே தங்கற வேல. நான் போவட்டுமா?"

பையைத் தோளில் சரிசெய்துகொண்டார், மலையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது.

"போவாத" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டது. இருந்தாலும் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னா சொன்னீங்க? கேக்கல" என்றேன்.

"போவாத தேவி!"

மில்லில் மெஷின் ஓடும்போது கத்துகிற குரலில் கத்தினார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.