படுக்கையறையில் ஒரு டன் பெல்லட்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இவானிட்சா ஊரின் ஆற்றோரத் தெருவில் யார் வீட்டு விஷயமும் மறைவாக இருக்காது. குளிர்காலத்து எரிபொருள் வாசலில் இறங்கினால் அந்த வீட்டார் ஊரில்தான் இருக்கப்போகிறார்கள். இறங்காவிட்டால் வெளிநாட்டுப் பிள்ளை எதுவோ கூட்டிப்போக வருகிறது. அந்த வருஷம் தெருவின் கண் முழுக்கத் தேசாங்காவின் வாசல்மேல்தான்.

அவள் கணவன் மிலூதின் ஜனவரியில் போய்ச் சேர்ந்தான். கதவில் கட்டிய கறுப்புத் துணி வெயிலில் சாம்பல் பூத்துவிட்டது. ஆஸ்திரியாவிலிருந்து மகள் ஒலிவேரா ஞாயிறு தவறாமல் போனில் கூப்பிட்டு, குளிருக்கு முன்னால் வந்துவிடு, வீட்டை விற்றுவிடலாம் என்பாள். "பாக்கலாம்" என்பாள் தேசாங்கா. ரொட்டிக் கடைக்காரன் எத்தனை வேண்டும் என்றாலும் அதே "பாக்கலாம்"தான். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. தெருவுக்கு இதில் கொஞ்சம் மனக்குறைகூட உண்டு. எத்தனை பேர் கைக்குட்டையும் கையுமாகப் போய் உட்கார்ந்திருந்தார்கள்!

அவளுக்கோ உள்ளே ஒன்றுமே இல்லை. சூப்பு சூடா ஆறியதா என்றுகூட நாக்கு சொல்வதில்லை. போவதா இருப்பதா என்று யோசிக்க உட்கார்ந்தால் ஜன்னலில் பிளம் மரம் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்து பொழுதைப் போக்கிவிடுவாள்.

தெருக்காரர்கள் கூட்டாக ஒரே லாரி பெல்லட் வாங்குவது வழக்கம். மரத்தூளை அழுத்தி விரல்கணு அளவுக் குச்சிகளாக்கி மூட்டை கட்டி விற்பார்கள். கோடையில் மலிவு. பனி விழுந்த பிறகு போனால் விலை மட்டுமா, விற்கிறவன் மிடுக்கும் ஏறிக்கொள்ளும். ஆர்டர் சேர்ப்பவள் எதிர்வீட்டு ஸ்லவ்கா. தேசாங்காவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியாதா? கேட்காமலே, ஒரு ஆள், ஒரு கணப்பு அடுப்பு என்று கணக்குப் போட்டு ஒரு டன் சொல்லிவிட்டாள்.

லாரி வந்தது. பலகைத் தட்டோடு மூட்டைகளைத் தேசாங்காவின் வாசலில் இறக்கி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் கிழித்தும் வைத்துவிட்டுப் போனது.

இனி வீட்டுக்காரி முற்றத்து மேசையில் காபியும் ரக்கியா என்ற பழச் சாராயமும் வைக்க வேண்டும். அதுதான் அழைப்பு. அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கம் மூட்டை தூக்க வரும். அழைக்காமல் அடுத்தவர் மூட்டையில் கை வைத்தால், உனக்குத் துப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆகவே தெரு காத்திருந்தது. மேசை காலியாகவே கிடந்தது. மத்தியானம் மலைமேல் மேகம் கறுத்தது.

ஸ்லவ்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, மழை வருது."

"வருது."

"தண்ணி பட்டா எல்லாம் ஊறிக் கஞ்சியாயிடும்."

"ஆமா."

ஸ்லவ்கா நேரே சமையலறைக்குள் போனாள். தானே காபி காய்ச்சி, தானே ரக்கியாவைத் தேடி எடுத்து, மேசையில் கொண்டுவந்து வைத்தாள். வைத்தது யார் என்று வழக்கம் பார்ப்பதில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற திகோமிர் இரண்டு ஆள்களோடு வந்து சேர்ந்தான்.

முதல் மூட்டையோடு நிலவறைக் கதவைத் திறந்தவன் அப்படியே பின்வாங்கினான். உள்ளே, போன நவம்பரில் மிலூதின் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாய். புளித்த கோஸ் குளிர்காலத்துச் சாப்பாடு. மிச்சத்தைக் கொட்டி, பீப்பாயைக் கழுவி வசந்தத்து வெயிலில் கவிழ்க்காத வீட்டுக்கு எங்கும் மரியாதை கிடையாது. இதுவோ கோஸை அழுத்த மிலூதின் வைத்த கல்லைச் சுமந்தபடி ஆகஸ்ட்வரை நின்று, உப்புநீர் கசிந்து தரையெல்லாம் ஈரம். சாக்கடை அடைப்பு நாற்றம் என்று மே மாதத்திலிருந்து நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்த தெருவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"பீப்பாய உருட்டி வெளிய தள்ளிடறேன் அக்கா. ஒரு நிமிஷ வேலை" என்றான் திகோமிர்.

"அதத் தொடாத."

இத்தனை மாதத்தில் அவள் குரலில் எடை இருந்தது அதுதான் முதல் தடவை.

"நாத்தம் குடலப் பிடுங்குதே!"

"எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே" என்றாள். அது பொய்யல்ல.

மழையின் முதல் சொட்டு பிளாஸ்டிக்கில் தட்டியது. அப்படியானால் மூட்டையை எங்குதான் வைப்பது என்று ஸ்லவ்கா கேட்டாள். தேசாங்கா கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தாள்.

"மாடிக்குக் கொண்டு போங்க. அவர் பக்கம் காலியாத்தானே கிடக்கு."

படுக்கையறையில் இரண்டு கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. மிலூதினுடையதை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கினார்கள். சவ ஊர்வலத்தில்கூட அந்த ஆண்கள் அவ்வளவு அடக்கமாக நடந்ததில்லை. கடைசி மூட்டையை வைத்த திகோமிருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இது குறட்டை விடாது அக்கா."

மற்றவர்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரும் விட்டதில்ல" என்றாள் தேசாங்கா.

கோடை இரவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மிலூதினின் குறட்டை ஆற்றுப் பாலம்வரை கேட்கும். ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

தெரு ஒரு வாரம் இதையே மென்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி ஆஸ்திரியாவுக்கும் போய்விட்டது. யார் சொன்னது என்று ஸ்லவ்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அப்ப நீ வரலையாம்மா?" என்றாள் ஒலிவேரா.

தேசாங்கா குவியலைப் பார்த்தாள். "மூட்டை வந்துடுச்சே கண்ணு. எரிக்கணுமில்ல."

குளிர் வந்தது. மூட்டையை வெட்டி அடுப்பின் தொட்டியில் கொட்டுவாள். ஒரு மூட்டை இரண்டு நாள் தாங்கும். தூக்கத்தில் கை அந்தப் பக்கம் போகும், பிளாஸ்டிக் தட்டுப்படும், திரும்பி வந்துவிடும். பார்க்கப்பார்க்கக் குவியல் தணிந்து, பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. மிலூதின் தலை சாய்த்துச் சாய்த்து உண்டாக்கிய எண்ணெய்க் கறையும் தெரிந்தது.

பனி உருகும் நாளில் கடைசி மூட்டையைத் தூக்கினாள். வெறும் தரை. அந்தத் தரையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். ஏதோ வாடை வந்தது. அடுப்பில் எதுவும் தீய்கிறதோ என்று போய்ப் பார்த்தாள். இல்லை. முற்றத்துக்கு வந்தாள். நிலவறைக் கதவைத் திறந்ததும் ஏப்ரன் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து போனாள். சாவு விழுந்த பிறகு அவள் இன்னொருவர் கதவைத் தட்டியது அன்றுதான்.

"ஸ்லவ்கா, என் வீட்டுல என்னடி இப்படி நாறுது?"

ஸ்லவ்காவின் நாக்கு நுனியில் ஒரு வருஷத்துப் பேச்சு தயாராக இருந்தது. அதிசயமாக, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"இருங்கக்கா, வாளி எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள்.