ஆறரை மணிக்குக் கதவுக்கு வெளியே

குழந்தைகளைக் குளிப்பாட்டும் வேலையை லரிசா தானாகத்தான் கணவனிடம் விட்டுக்கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து ஜனவரியில் மருந்துக்கடை வேலைக்குத் திரும்பியபோது, வீட்டு வேலைகளை இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். சமையலும் பாத்திரமும் அவள். துணி துவைப்பதும் வாசலில் பனி வாருவதும் ட்ரெவர். குளிப்பாட்டுவது மட்டும் ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள் என்று ட்ரெவர் எழுதப்போக, அவள் பேனாவை வாங்கி அடித்துவிட்டு, அது முழுக்க உனக்கே இருக்கட்டும் என்றாள். நாள் முழுக்க கடையில் நின்று கால் கடுக்கிறது, தொட்டியருகே முட்டி போட முடியாது என்று காரணம் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷம்தான். கனடாவின் சஸ்கட்டூன் நகரப் பேருந்துப் பணிமனையில் அவன் மெக்கானிக். இருட்டோடு கிளம்பிவிடுவதால் பிள்ளைகளோடு கிடைப்பது மாலைப் பொழுது மட்டும்.

ஆறரைக்குத் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கும். நாலு வயதாகப்போகும் ஓரெஸ்ட் உடுப்பை வழிநெடுக உதறிக்கொண்டு ஓடுவான். பதினோரு மாதக் குழந்தை ஹன்யா அப்பாவின் தோளில் கிடந்து காலை உதைப்பாள். அதற்குப் பிறகு லரிசாவுக்கு அரை மணி நேரம் ஓய்வு. அந்த அரை மணி நேரம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

சோபாவில் உட்காருவாள், எழுந்துவிடுவாள். கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவுவாள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் கை ஓடும். சத்தம் நின்றால் கையும் நின்றுவிடும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று குரல் கொடுப்பாள். துண்டு கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பாள், தண்ணீர் சூடா என்று முழங்கையை விட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் ட்ரெவர் பதில் சொன்னான். இரண்டாவது வாரம் 'உம்' கொட்டினான். மூன்றாவது வாரம் அதுவும் இல்லை.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். நவம்பரில் ஒரு நாள் ட்ரெவர் வேலைக்குப் போயிருந்தபோது அவள் இரண்டு பேரையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். துண்டு எடுத்து வைக்க மறந்துபோயிருந்தது. அலமாரி கதவுக்கு வெளியே நாலு எட்டில். போய்த் திரும்பியபோது ஹன்யா பக்கவாட்டில் சரிந்து முகம் தண்ணீருக்குள் கிடந்தது. பக்கத்திலேயே ஓரெஸ்ட் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான். அள்ளியெடுத்ததும் குழந்தை இருமியது, பிறகு வீறிட்டு அழுதது. அவ்வளவுதான். மறுநாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் இருமல் என்று சொன்னாள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ட்ரெவரிடம் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. நாள் தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. சூடு வெளியேறாமலிருக்க ட்ரெவர் குளியலறைக் கதவை இறுக்கிச் சாத்தியிருந்தான். லரிசா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பேச்சுச் சத்தமும் இல்லை. அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிக் கதவைத் தள்ளினாள். ஹன்யா துண்டுக்குள் சுருண்டு அப்பா மடியில் இருந்தாள். ஓரெஸ்ட் கன்னம் புடைக்க வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று விளையாடிக்கொண்டிருந்தான். லரிசா குழந்தையை வெடுக்கென்று பிடுங்கினாள். அது பயந்து அலறியது.

ட்ரெவர் சத்தம் போடவில்லை. மகனை வெளியே தூக்கி நிறுத்தித் துடைத்துவிட்டான்.

"பஸ்ஸுக்கு பிரேக் பாக்கறவன் நான். தெனமும் எத்தனை பேரு என்னை நம்பி ஏறி உட்கார்றாங்க. பெத்த பிள்ளைங்களுக்கு தண்ணி ஊத்த மட்டும் நான் ஆகாதவனா?"

"அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

அவள் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அவன் குனிந்து தொட்டி அடைப்பானை உருவினான். நாளையிலிருந்து அந்த நேரத்தில் நீ வீட்டில் இருக்காதே, எங்கேயாவது போய்விட்டு வா, இல்லையென்றால் நீயே குளிப்பாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஆறே கால் மணிக்கு லரிசா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மளிகைக் கடைக்குள் தள்ளுவண்டியோடு சுற்றிச் சுற்றி வந்தாள். ரொட்டி எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஆறு முப்பத்தைந்துக்கு ட்ரெவருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. கை ஈரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் மூன்று முறை போட்டாள். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து காரைக் கிளப்பினாள்.

சாலை கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. தங்கள் தெருவுக்குள் திரும்பும்போது கார் சறுக்கி, ஓரத்தில் வாரிக் குவித்திருந்த பனி மேட்டில் மூக்கைச் செருகி நின்றது. பின்னால் எடுத்துப் பார்த்தாள், சக்கரம் சுற்றியதே தவிர கார் அசையவில்லை. இறங்கி, முழங்கால் வரை புதையப் புதைய நடந்தாள்.

கதவைத் திறந்தபோது ஓரெஸ்ட் இரவு உடையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஹன்யா தரையில் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள், தலைமுடி இன்னும் ஈரமாக. ட்ரெவர் மனைவியின் கால்களைப் பார்த்தான்.

"கார் எங்க?"

"முனையில மாட்டிக்கிச்சு. ட்ரெவர், ஒன்னு சொல்லணும். பூட்ஸ கழட்டறதுக்குள்ள சொல்லிடறேன், இல்லன்னா எப்பவுமே சொல்ல மாட்டேன்."

வாசலிலேயே நின்றபடி சொன்னாள். அலமாரி, துண்டு, நாலு எட்டு, தண்ணீருக்குள் கிடந்த முகம், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

"எவ்ளோ நேரம் உள்ள இருந்தா?" என்று கேட்டான்.

"தெரியல. அதுதான் எனக்குத் தெரியவே இல்ல."

ட்ரெவர் உட்கார்ந்து ஹன்யாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அதன் ஈரத் தலையைக் கையால் மூடிக்கொண்டான்.

"அது நடந்துச்சு, சரி. யாருக்கும் நடக்கும். ஆனா மூணு வாரமா நான் என்னையே சந்தேகப்பட்டுட்டிருந்தேன் லரிசா. நம்ம கை அவ்ளோ முரட்டுக் கையான்னு. பாத்துட்டுத்தானே இருந்த நீ?"

அவன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு காரை எடுக்கப் போனான். முக்கால் மணி நேரம் கழித்துத் தாடியெல்லாம் உறைபனியோடு வந்தான். அன்றும் மறுநாளும் சாப்பாடு, சாவி, டயபர் தவிர வேறு பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு அவனே தண்ணீரைத் திறந்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான்.

"இன்னிக்கு உன் முறை."

"என்னால முடியாது."

"நான் உள்ளதான் உட்காந்திருப்பேன். ஆனா கை வைக்க மாட்டேன்."

லரிசா முட்டி போட்டாள். துண்டு இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையை ஹன்யாவின் வயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அதை எடுக்காமலே வலது கையால் சோப்புப் போட்டாள். ஓரெஸ்ட் அவள் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தான். ட்ரெவர் கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்து, சொன்னபடியே கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்தபோது அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

அதன்பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானது. அவன் முறை வரும் நாட்களில் அவளால் இன்னும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. மேசையைத் துடைத்த இடத்தையே துடைப்பாள். ஆனால் குரல் கொடுப்பதில்லை, கதவைத் தள்ளுவதுமில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றால், அவள் கேட்காமலே உள்ளேயிருந்து அவன் சொல்வான்:

"ரெண்டு தலையும் மேலதான் இருக்கு."